கொழும்புக் கோட்டை முற்றுகை தரும் பாடம்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)





அட்டனிலோ நானுஓயாவிலோ புகையிரதம் ஏறிக் கொழும்பு சென்று வந்தவர்கள், கோட்டை நிலையத்தில் இறங்கியிருப்பார்கள். இறங்கி நாலாபக்கமும் பார்த்தால் கோட்டையைக் காணோம். மதில் எங்கே? அகழி எங்கே? வாயில் எங்கே? 1870ஆம் ஆண்டை ஒட்டி ஆங்கில ஆட்சியினர் மதில்களை இடித்து விட்டனர். பெயர் ஒன்றே எஞ்சி நிற்கிறது. அந்தப் பெயருக்குள் ஒரு துயரக் கதை அடங்கிக் கிடக்கிறது. அதனை இளைஞர்கள் அறிந்திருத்தல் நலம் எனக் கருதி, இன்று அதைப் பற்றிச் சில வார்த்தைகள் கூற முன்வந்தோம்.

முற்றுகை என்பது தமிழர் அறியாத பொருளன்று. மதிலை வளைத்துப் போரிடுவதை உழிஞை என்றும், மதிலுள் இருந்து காப்பதை நொச்சி என்றும் வகுத்து, அதற்கு இலக்கணமே எழுதி வைத்தவர்கள் நம் முன்னோர். ஆயினும் முற்றுகையின் கொடுமையைப் புறநானூற்றுப் புலவர் கோவூர்கிழார் உணர்ந்தது போல் உணர்ந்தவர் சிலரே. நலங்கிள்ளி ஆவூரை வளைத்திருந்தான். நெடுங்கிள்ளி கதவை அடைத்துக்கொண்டு உள்ளே இருந்தான். புலவர் உள்ளே சென்று மன்னன் முகத்துக்கு நேரே பேசினார். யானைகள் உணவின்றி வாடுவதையும், பாலின்றிக் குழந்தைகள் அழுவதையும் எடுத்துக் காட்டினார். அறத்தை நாடினால் கதவைத் திறந்து நாட்டைக் கொடு. வீரத்தை நாடினால் கதவைத் திறந்து போர் செய். இரண்டுமின்றி அடைத்துக்கொண்டிருப்பது நாணத்தக்கது என்று இடித்துரைத்தார். மன்னர் இருவரையும் விட்டு, நடுவே கிடந்து வாடிய உயிர்களைப் பார்த்தது அப்புலவரின் கண். அந்தக் கண்ணோடு நாமும் கொழும்பைப் பார்ப்போம்.

போர்த்துக்கேயர் இத்தீவுக்கு வந்தது 1505இல். கொழும்பில் அவர்கள் முதற்கோட்டை கட்டியது 1518இல். நாளடைவில் கறுவா வாணிபம் முழுவதையும் தம் கைக்குள் கொண்டுவந்து, கரையோர மக்களை வாட்டினர். ஆனால் மலைநாடு அவர்களுக்கு அடங்கவில்லை. அன்று இம்மலைகளில் தேயிலை கிடையாது. காடும், கண்டி மன்னன் ஆணையும் இருந்தன. 1638ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் கண்டிக்கு அண்மையிலுள்ள கன்னொறுவையில் இரண்டாம் இராசசிங்க மன்னன் போர்த்துக்கேயப் படையை அழித்தான். அவர்களின் தளபதியும் அங்கே மாண்டான்.

மலையில் வென்ற மன்னனுக்குக் கடலில் வெல்ல வழியில்லை. அவனிடம் போர்க்கப்பல் இல்லை. துறைமுகக் கோட்டைக்குக் கடல் வழியே சோறும் மருந்தும் வரும்வரை, நிலத்தில் எத்தனை படை நின்றாலும் அது விழாது. ஆகவே மன்னன் ஒல்லாந்தரை நாடினான். 1638ஆம் ஆண்டு மே மாதம் மட்டக்களப்பில் உடன்படிக்கை எழுதப்பட்டது. போர்ச்செலவை மன்னன் பொருளாகக் கொடுப்பது. பிடிபடும் கோட்டைகளில், மன்னன் விரும்பினால், ஒல்லாந்தர் காவல் வைப்பது. "மன்னன் விரும்பினால்" என்ற அந்தச் சிறு தொடரில்தான் வினை இருந்தது. மன்னன் கையிலிருந்த ஏட்டில் அது இருந்தது. ஒல்லாந்தர் கையிலிருந்த ஏட்டில் அது இல்லை!

1655இல் ஒல்லாந்தத் தளபதி கெராட் ஹல்வ்ட் பெரும்படையுடன் வந்திறங்கினான். அக்டோபரில் களுத்துறை வீழ்ந்தது. நவம்பர் 12ஆம் நாள் கொழும்பு மதிலை நேரே தாக்கினர். உள்ளிருந்தோர் வீரத்துடன் எதிர்த்தனர். ஒல்லாந்தர் பலரை இழந்து பின்வாங்கினர். அதன் பின்னர் வாளை நம்புவதை விட்டுப் பசியை நம்பினர். கடலை ஒல்லாந்தக் கப்பல்கள் அடைத்தன. நிலத்து வழிகளைக் கண்டிப் படை அடைத்தது. கோவாவிலிருந்து உதவி வரும் எனக் கோட்டைக்குள் காத்திருந்தனர். கோவாவிலோ புதிதாக வந்த அரசப் பிரதிநிதி 1656 ஜனவரியில் இறந்து போனார். உதவிக் கப்பல் வரவேயில்லை.

அரண் என்பது உள்ளே உணவு நிறைந்ததாய் இருக்க வேண்டும் என்றார் திருவள்ளுவர். கொழும்பில் மதில் இருந்தது, உணவு இல்லை. யானைகளைக் கொன்று தின்றனர்; பின்னர் நாயும் பூனையும் உணவாயின. பசியோடு நோயும் சேர்ந்தது. அங்கே போர்வீரனாக இருந்த ரிபெய்ரோ பிற்காலத்தில் எழுதிவைத்தவற்றைப் படித்தால் நெஞ்சு நடுங்கும்.

அன்பர்களே, இக்கதையில் நாம் மறக்கலாகாத இடம் ஒன்று உண்டு. உணவு குறைந்ததும், போரிட இயலாத ஏழை மக்களைக் கோட்டைக்குள் இருந்தவர்கள் வாயிலுக்கு வெளியே தள்ளினர். வெளியே வளைத்து நின்றவர்களோ அவர்களை மறுபடியும் மதிலை நோக்கி விரட்டினர். உள்ளே வாய்கள் மிகுந்தால் உணவு விரைவில் தீரும் என்பது அவர்கள் போட்ட கணக்கு. இந்தப் பக்கம் துப்பாக்கி. அந்தப் பக்கம் அடைத்த கதவு. இடையே கிழவர், பெண்டிர், குழந்தைகள். இப்போரை அவர்கள் கேட்கவில்லை. இரு தரப்பிலும் அவர்களைத் தம்மவர் என்று சொல்ல ஒருவருமில்லை. தளபதிகளின் பெயர்கள் ஏட்டில் இருக்கின்றன. இவர்களின் பெயர் ஒன்றேனும் இல்லை.

1656 ஏப்ரல் 10ஆம் நாள் ஹல்வ்ட் குண்டடிபட்டு இறந்தான். இன்று நீதிமன்றங்கள் இருக்கும் ஹல்ஸ்டோர்ப் என்னும் இடம் அவன் பெயரைத் தாங்கி நிற்கிறது. மே 7ஆம் நாள் மதிலின் ஒரு கொத்தளம் பிடிபட்டது. மே 12ஆம் நாள் கோட்டை பணிந்தது. இறுதியில் நடந்து வெளியே வந்த போர்வீரர் 73 பேரே என்றும், அவர்களும் நடைப்பிணங்களாக இருந்தனர் என்றும் ரிபெய்ரோ கூறுகிறார்.

கோட்டை மன்னனுக்குக் கிடைத்ததா? இல்லை. போர்ச்செலவு இன்னும் தீரவில்லை என்று சொல்லி ஒல்லாந்தர் கோட்டையைத் தாமே வைத்துக்கொண்டனர். கண்டிப் படைக்குக் கதவு திறக்கப்படவில்லை. சினங்கொண்ட மன்னன் சுற்றுப்புற ஊர்களைப் பாழாக்கி, மலைக்குத் திரும்பினான். அதிலும் துன்புற்றவர்கள் குடியானவர்களே. இஞ்சியைக் கொடுத்து மிளகாயை வாங்கியது போல் என்று இதனைச் சிங்கள மக்கள் இன்றும் பழமொழியாகச் சொல்வதுண்டு. ஒல்லாந்தர் 1796 வரை இருந்தனர். பின்னர் ஆங்கிலேயர் வந்தனர். 1815இல் கண்டியும் அவர்கள் வசமாயிற்று. நம் பாட்டன் பூட்டன்மார் தோட்டங்களுக்கு வந்து சேர்ந்த கதை அதன் பின்னர்தான் தொடங்குகிறது.

இந்தப் பழங்கதை நமக்கு எதற்கு என்று இளைஞர்கள் கேட்கலாம். பெரியோர்களைக் கேளுங்கள், அவர்கள் சொல்வார்கள். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தினால் நம் மக்களிற் பெரும்பாலோர் நாடற்றவராயினர். 1964இல் இரு நாட்டுப் பிரதமர்கள் கூடி 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கு பிரித்தனர். மிஞ்சிய 1,50,000 பேரை 1974இல் ஆளுக்குப் பாதியாக்கினர். கொழுந்து பறித்த கைகளை ஒருவரும் கேட்கவில்லை. ஒரே லயத்தில் பிறந்த அண்ணன் ஒரு கரைக்கும் தம்பி மறு கரைக்குமாகப் பிரிந்தனர். வெடிச்சத்தம் கேட்காத முற்றுகை அது. மதிலுக்கும் மதிலுக்கும் நடுவே நிற்பது எப்படி இருக்கும் என்பது நமக்குத் தெரியாததன்று. 2003ஆம் ஆண்டுச் சட்டம் வந்த பின்னரே எஞ்சியிருந்தோர்க்கும் அந்தக் கதவு திறந்தது.

ஆகவே இளைஞர்களே, கொழும்புக் கோட்டை நமக்குச் சொல்வது இதுதான். வாளைவிட ஏடு வலியது. வீரத்திற் குறையாத ஒரு மன்னன், ஏட்டில் ஒரு தொடர் விடுபட்டதனால் தான் வென்ற கோட்டையின் வெளியே நின்றான். உங்கள் பெயரில் வரும் காகிதம் எதுவாயினும், பிறப்புச் சான்றாயினும், சம்பளச் சீட்டாயினும், காணி உறுதியாயினும், ஒவ்வொரு சொல்லையும் படியுங்கள். படிக்கத் தெரியாத அண்டை வீட்டாருக்குப் படித்துக் காட்டுங்கள். புரியாத இடத்தில் கையொப்பம் இடாதீர்கள். சங்கத்தின் வாசிகசாலை இதற்குத்தான் இருக்கிறது.

மற்றொன்றும் கூறி அமைவோம். நாளை உங்களில் சிலர் கதவின் திறவுகோலைக் கையில் வைத்திருக்கும் பதவிக்கு வரக்கூடும். அப்போது வெளியே நிற்பவர் எந்த இனத்தார், எந்த மொழியார் என்று பாராமல், கோவூர்கிழாரின் கண்ணோடு பாருங்கள். பசித்த குழந்தைக்குக் கட்சி கிடையாது.