மேடைப் பேச்சும் பிரிட்டிஷ் அரசியலும்



ஜோசப் மைசெல் என்னும் சரித்திர ஆசிரியர் 2001-ஆம் ஆண்டில் ஒரு நூல் வெளியிட்டார். கிளாட்ஸ்டன் காலத்துப் பிரிட்டனில் பொதுப்பேச்சு எவ்வாறு ஓங்கிற்று என்பதே அதன் பொருள். பார்லிமெண்டோடு நில்லாமல், பல்கலைக்கழக விவாத மன்றம், பிரசங்க பீடம், நீதிமன்றம், அரசியல் மேடை ஆகிய இடங்களுக்கெல்லாம் அவர் நம்மை அழைத்துச் செல்கிறார். மன்னர் பெயர்களையும் போர் ஆண்டுகளையும் நெட்டுருச் செய்தவர்க்கு இது புதிய பாதை.

விவாத மன்றங்கள் கேம்பிரிட்ஜில் 1815-லும் ஆக்ஸ்போர்டில் 1823-லும் தோன்றின. பாடத்திட்டம் அவற்றைத் தரவில்லை. மாணவர்களே தமக்கென அமைத்துக்கொண்டார்கள். 1831-இல் தேர்தல் சீர்திருத்த மசோதாவை எதிர்த்து ஆக்ஸ்போர்டில் முழங்கிய இளைஞர் கிளாட்ஸ்டன், அப்பேச்சின் பயனாக நியூகாசில் பிரபுவின் ஆதரவைப் பெற்று, மறு ஆண்டே பார்லிமெண்டு உறுப்பினரானார். வாக்குரிமை விரிவதை அன்று எதிர்த்தவரே 1884-இல் அதனை மேலும் விரித்தார் என்பது வேறு கதை!

நீதிமன்றத்திலோ, கொடுங்குற்றம் சாட்டப்பட்டவருக்காக வழக்கறிஞர் ஜூரிகளை நோக்கி முழுமையாக வாதாட 1836-ஆம் ஆண்டுச் சட்டமே இடமளித்தது.

இனி மேடைக்கு வருவோம். 1879 நவம்பரில், எழுபதை நெருங்கிய கிளாட்ஸ்டன், ஸ்காட்லாந்தின் மிட்லோதியன் தொகுதியில் ஊர் ஊராகப் பேசினார். எடின்பரோவில் ஒரு கூட்டத்திற்கு ஏறத்தாழ 20,000 பேர் திரண்டனர். ஒலிபெருக்கி இல்லாத காலம். பின்வரிசையில் நின்றவர் செவியில் என்ன விழுந்திருக்கும்? ஆனால் சுருக்கெழுத்தாளர் குறித்துக்கொண்டதைத் தந்தி சுமந்து சென்றது. 1870-இல் தந்தி அரசுடைமையாகிப் பத்திரிகைகளுக்குக் கட்டணம் குறைந்திருந்தது. ஆகவே காலையில் நாடு முழுவதும் அப்பேச்சைப் படித்தது. கேட்போர் சிலர், படிப்போர் பலர் என்பதை அவர் நன்கறிந்தே பேசினார் என்று நான் கருதுகிறேன்.

டால்கீத் என்னும் ஊரில் பெண்கள் கூட்டத்தில், பனிமூடிய ஆப்கானிய மலைக் கிராமத்து உயிரும் தம் உயிரைப் போலவே புனிதமானது என்பதை நினைவூட்டினார். கேட்ட பெண்களுக்குப் பார்லிமெண்டுத் தேர்தலில் வாக்கில்லை. 1918-இல்தான் பெண்களில் ஒரு பகுதியினர் அதனைப் பெற்றனர். 1880-இல் அவர் கட்சி வென்றது, அவர் பிரதமரானார்.

ஆயினும் 1882 ஜூலையில், அதே கிளாட்ஸ்டன் ஆட்சியின் போர்க்கப்பல்கள் எகிப்தின் அலெக்சாந்திரியா நகர்மீது குண்டு பொழிந்தன. டால்கீத்தில் சொன்னது அலெக்சாந்திரியாவுக்குப் பொருந்தாதா? அமைச்சரவையில் இருந்த ஜான் பிரைட், தாமே நாடறிந்த நாவலர், பதவியைத் துறந்தார். அதற்குரிய காரணத்தைச் சபையில் மிகச் சுருக்கமாகவே கூறினார்.