பாலித் தீவின் வடக்கு வாசல்

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஓர் இலக்கிய வட்டம் பத்து ஆண்டுகள் இடையறாமல் கூடிக் கவிதை படித்து, கேட்டு, விவாதித்து வருவது எளிய செயலன்று. அந்த நிறைவு விழாவில் பயணம் பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்தார்கள். பயணத்தையும் நம் வட்டத்தின் பணியையும் ஒருசேர நினைக்க வைக்கும் இடம் எது என்று எண்ணிப் பார்த்தேன். இந்தோனேசியாவின் பாலித் தீவு நினைவுக்கு வந்தது.

பாலி எல்லாரும் போகிற இடமாயிற்றே, அதில் அறியப்படாதது என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்கக்கூடும். கேள்வி நியாயமானது. ஆறாயிரம் சதுரக் கிலோமீட்டருக்கும் குறைவான அச்சிறு தீவுக்கு 2019-ஆம் ஆண்டில் மட்டும் 60 லட்சத்துக்கும் மேற்பட்ட வெளிநாட்டவர் வந்தனர். ஆனால் வந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் தங்கியது தெற்கே கூத்தா, செமின்யாக் கடற்கரைகளிலும் உபூது நகரைச் சுற்றியும்தான். விமான நிலையம் தெற்கில் இருப்பதால், தெற்கே பாலியாகிவிட்டது.

நூறாண்டுகளுக்கு முன் நிலைமை வேறு. தீவின் தலைவாசல் அன்று வடகரையில் இருந்தது. டச்சு ஆட்சியின் தலைநகராகவும் துறைமுகமாகவும் விளங்கியது சிங்கராஜா என்னும் ஊர். நீராவிக் கப்பலில் வந்தோர் அங்கேதான் இறங்கினர். இன்று அவ்வூர் அமைதியாக இருக்கிறது. கவிஞர் ஒருவர் பாலிக்குப் போவதானால் இந்த வடக்கு வாசல் வழியாகத் தீவுக்குள் நுழைய வேண்டும் என்பது என் விருப்பம்.

சிங்கராஜாவில் கெடோங் கிர்த்யா என்றொரு நூலகம் உள்ளது. 1928-இல் நிறுவப்பட்டது. பாலி மொழியையும் வழக்காறுகளையும் ஆராய்ந்த லீஃப்ரிங்க், வான் டெர் டூக் என்ற இரு டச்சு அறிஞர்களின் பெயரால் முதலில் வழங்கியது. அங்கே இருப்பவை ஓலைச்சுவடிகள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட சுவடிகள் பெட்டிகளில் அடுக்கி வைக்கப்பட்டுள்ளன. சுவடியை அவர்கள் 'லொந்தார்' என்கிறார்கள். பனையோலை என்று பொருள். கூரிய சிறு கத்தியால் எழுத்தைக் கீறி, எண்ணெய் வித்து ஒன்றைச் சுட்டெடுத்த கரியை அதன்மேல் தேய்த்துத் துடைக்கிறார்கள். எழுத்து கறுப்பாக எழுந்து நிற்கிறது. கோவையிலைச் சாறும் கரியும் பூசிய நம் முன்னோரின் முறையை அறிந்தவர்க்கு அக்காட்சி புதிதாயிராது.

ஒரு வேறுபாடு மட்டும் உண்டு. அது சிந்திக்கத்தக்கது. நம்மிடம் ஓலை என்பது உ.வே.சாமிநாதையரைப் போன்ற பெரியோர் ஊர் ஊராக அலைந்து மீட்ட செல்வம். மீட்கப்பட்டு அச்சேறியபின் நூலகத்தில் ஓய்வு கொண்டது. பாலியில் ஓலை இன்னும் ஓய்வு பெறவில்லை. புதிதாகப் படி எடுக்கிறார்கள். எடுத்ததைக் கூடிப் படிக்கிறார்கள்.

அவ்வாறு கூடிப் படிப்பதற்கு 'மபெபாசன்' என்று பெயர். ஊரிலுள்ள உழவர், ஆசிரியர், சிறு வணிகர் எனப் பலரும் விரும்பிச் சேரும் குழு அது. மணிமேகலை சாவகம் என்று குறிப்பிடும் நாட்டில் பிறந்தவை 'ககவின்' எனப்படும் காவியங்கள். அவற்றின் மொழி பழஞ்சாவகம். ஒன்பதாம் நூற்றாண்டளவில் எழுந்த இராமாயணமும், 1157-ஆம் ஆண்டில் சேதா, பனுலூ என்ற இரு புலவர்கள் யாத்த பாரதயுத்தமும் அவற்றுள் அடங்கும். சாவகத்தில் இசுலாம் பரவியபின் இந்நூல்களைப் போற்றிக் காத்தவை பாலியின் ஓலைகளே.

குழுவில் ஒருவர் பாட்டின் ஓரடியை உரிய சந்தத்தில் இசைப்பார். மற்றொருவர் அவ்வடியின் பொருளைப் பாலி மொழியில் சொல்வார். ஏனையோர் கேட்டிருப்பார்கள். இசையிலோ பொருளிலோ ஐயம் எழுந்தால் தடுத்துக் கேட்கலாம். சில வேளை ஒரு சொல்லின் பொருளைப் பற்றியே நெடுநேரம் வாதம் நடக்கும். பிறகு அடுத்த அடி. கோயில் விழாக்களிலும் இல்லச் சடங்குகளிலும் இது நடைபெறுகிறது. வானொலியிலும் நேயர்கள் தொலைபேசி வழியே ஒருவர் பாட, ஒருவர் பொருள் சொல்லும் நிகழ்ச்சிகள் உண்டு. இதற்கு நுழைவுச்சீட்டு இல்லை. உரிய இடுப்புத்துணியும் கச்சையும் அணிந்து, அனுமதி கேட்டு, ஓரமாக அமர்ந்து செவிகொடுக்கும் பொறுமை வேண்டும். அவ்வளவே.

210 நாட்களுக்கு ஒருமுறை வரும் சரசுவதி நாளில் ஓலைகளுக்கும் நூல்களுக்கும் மலர் படைத்து வழிபடுகிறார்கள். மரபு வழுவாதோர் அன்று படிப்பதோ எழுதுவதோ இல்லை. மறுநாள் விடியலில் கடலிலும் சுனையிலும் நீராடுகிறார்கள்.

சிங்கராஜாவிலிருந்து கிழக்கே கடலோரமாகச் சென்றால் குபுதம்பாகான் என்ற ஊரில் ஒரு கோயில். அதன் சுவரில் மிதிவண்டி ஓட்டும் மனிதர் ஒருவரின் சிற்பம் உள்ளது. 1904-இல் அங்கு வந்த டச்சு ஓவியர் நியூவென்காம்ப்பைக் குறிப்பது அது என்பர். பின்சக்கரத்தைச் சிற்பி தாமரை மலராகவே செதுக்கிவிட்டார்! அயலான் கொண்டுவந்த பொருளைத் தன் கலையில் கரைத்துக்கொள்ளும் ஆற்றலுக்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

இன்னும் கிழக்கே செம்பிரான் என்னும் ஊர். பாலியின் தொல்லியலறிஞர் வாயன் அர்திகா 1980-களின் இறுதியில் இதன் கரையோரம் அகழ்ந்தபோது, உருளைக் கருவியால் உட்புறம் வரிக்கோலமிட்ட மட்கலத் துண்டுகள் கிடைத்தன. புதுச்சேரிக்கு அருகே அரிக்கமேட்டில் கிடைத்தவற்றோடு ஒப்பிடத்தக்கவை அவை. எழுத்துப் பொறித்த ஓடு ஒன்றும் கிட்டியது. ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே வங்கக் கடலைக் கடந்த வணிகத்தின் தடம் அக்கரையில் பதிந்திருக்கிறது.

இங்கே ஒரு செய்தியை உரிமையோடு சொல்ல விரும்புகிறேன். நம்மவர் அயல்நாடு செல்லும்போது ஒரு பழக்கம் உண்டு. கோயிலைக் கண்டால் நம் கோயில் என்கிறோம். இராமகதையைக் கேட்டால் நம் காவியம் என்கிறோம். ஓட்டுத்துண்டு கிடைத்தால் நாம் கொடுத்த நாகரிகம் என்கிறோம். பாலியை அவ்வாறு பார்ப்பவருக்குப் பாலி கிடைக்காது. கண்ணாடியில் தெரியும் தம் முகம்தான் கிடைக்கும். மட்கலம் அங்கே போனது உண்மை. அதைப் பெற்றவர்கள் வெறுங்கையராய் நிற்கவில்லை. அவர்களுக்கென வயலும் கடலும் தெய்வமும் சொல்லும் இருந்தன. வந்தவற்றுள் வேண்டியதை எடுத்து, வேண்டாததை விடுத்து, தமக்குரியதாக ஆக்கிக்கொண்டார்கள். அந்த ஆக்கத்தைக் காண்பதே நம் பயணத்தின் பயனாக இருக்க வேண்டும்.

வயலென்றதும் ஜாதிலூவே நினைவுக்கு வருகிறது. மலைச்சரிவில் படிப்படியாக இறங்கும் நெல்வயல்கள் அவை. படம்பிடித்துத் திரும்புவோர் பலர். அங்கே ஓடும் நீரின் கணக்கைக் கேட்டறிவோர் சிலரே. 'சுபாக்' என்னும் உழவர் சங்கம் நீரைப் பங்கிடுகிறது. பதினோராம் நூற்றாண்டுச் சாசனங்களிலேயே அதன் பெயர்க்குறிப்பு உண்டு. உத்தரமேரூர்க் கல்வெட்டின் ஏரி வாரியத்தையும் நம் ஊர்களின் நீர்க்கட்டிகளையும் அறிந்த நமக்கு அது அயலன்று. ஒவ்வொரு மதகருகிலும் சிறு கோயில். யாவற்றுக்கும் மேலே பாத்தூர் ஏரியின் தெய்வத்துக்குரிய பெருங்கோயில். யார் எப்போது நடவு செய்வது, எப்போது வயலை ஆறப்போடுவது என்பதைக் கோயில் முறைமையே இணக்கப்படுத்துகிறது. அண்டை வயல்கள் ஒரே காலத்தில் தரிசாகக் கிடந்தால் பூச்சிக்கு உணவில்லை. 1970-களில் இம்முறையை ஒதுக்கி, இடைவெளியின்றிப் புதுவகை நெல்லைப் பயிரிடுமாறு உழவர்கள் ஏவப்பட்டனர். புகையான் பூச்சியும் நோயும் பெருகி விளைச்சல் வீழ்ந்தது. சடங்கு என்று ஒதுக்கப்பட்டதில் வேளாண் அறிவு உறைந்திருந்ததை லான்சிங் என்ற அமெரிக்க மானிடவியலறிஞர் ஆராய்ந்து காட்டினார். 2012-இல் யுனெஸ்கோ இந்நிலப்பரப்பை உலக மரபுச் சின்னமாக ஏற்றது.

கிழக்கே தெங்கானான் என்ற ஊர். அங்கு நெய்யும் துணிக்கு 'கெரிங்சிங்' என்று பெயர்; நோயின்மை என்பது பொருள். நெய்வதற்கு முன்பே பாவு நூலையும் ஊடு நூலையும் தனித்தனியே கட்டிச் சாயமேற்றி, தறியில் இரண்டின் கோலமும் பொருந்துமாறு நெய்கிறார்கள். உலகில் மிகச் சில இடங்களிலேயே இக்கலை உண்டு. குஜராத்தின் பாட்டான் அவற்றுள் ஒன்று. நம் நுணா மரத்தின் இனத்ததான மரத்தின் வேர்ப்பட்டையிலிருந்து சிவப்பு வருகிறது. ஒரு துணி முடியப் பல ஆண்டுகள்கூட ஆகலாம். விலை கேட்டு மலைப்பவர்கள் அந்த ஆண்டுகளை எண்ணிப் பார்க்க வேண்டும்.

அருகே குசம்பா, ஆமேத் கடற்கரைகளில் உப்பு விளைவிக்கிறார்கள். காவடியில் கடல்நீர் சுமந்து கருமணலில் தெளித்து, உப்பேறிய மணலைக் கூடையில் வாரி, மீண்டும் கடல்நீர் ஊற்றி வடிக்கிறார்கள். வடித்த நீரைப் பிளந்து குடைந்த தென்னந்தொட்டிகளில் வெயிலுக்கு விடுகிறார்கள். கரையோர நிலம் விடுதிகளுக்குக் கைமாற, இத்தொழில் சுருங்கிவருகிறது. நெல்வயல்களும் மாளிகைகளாகி வருகின்றன. வயலைப் பார்க்க வருபவரின் விடுதிக்காகவே வயல் அழிகிறது. இதனை எண்ணாமல் நாம் பயணம் பேசக்கூடாது. ஊர்வீட்டில் தங்குவதும், உப்பை விளைவித்தவர் கையிலேயே வாங்குவதும், 'வாருங்' எனப்படும் சிறு உணவுக்கடையில் உண்பதும் சிறிய செயல்களே; ஆனால் பணம் அவ்வூரிலேயே நிற்கும். வாருங் என்ற பெயரே நம்மைத் தமிழில் அழைப்பதுபோல ஒலிக்கிறது. சொற்பிறப்பு வேறு என்பதைப் புலவர் பெருமக்கள் அறிவார்கள்.

போகாமல் இருப்பதும் சில இடங்களில் பண்பாகும். பாத்தூர் ஏரிக்கரையில் துருன்யான் என்ற ஊரார் இறந்தோரைப் புதைக்காமலும் எரிக்காமலும் ஒரு மணமரத்தின் நிழலில் கிடத்துவது வழக்கம். அங்கே படகேறிச் சென்று எலும்பைப் படமெடுப்போர் உண்டு. அது அவர்கள் துயரத்தின் இடம். நமக்குக் காட்சிப்பொருள் அன்று.

நிறைவாக ஒரு நாளைப் பற்றிச் சொல்கிறேன். சக ஆண்டின் பிறப்பு நாள் பாலியில் 'ஞெப்பி' எனப்படுகிறது. பெரும்பாலும் மார்ச்சு மாதத்தில் வரும். முந்தைய மாலை பூத உருவங்களைச் சுமந்து பேரொலியோடு ஊர்வலம் போவார்கள். விடிந்தால் தீவு முழுதும் ஒடுங்கிவிடும். விளக்கில்லை, வேலையில்லை, தெருவில் நடமாட்டமில்லை. விமான நிலையமே ஒரு நாள் மூடப்படுகிறது. பயணிக்கும் விலக்கில்லை, விடுதிக்குள் அடங்கியிருக்க வேண்டும். அந்த நாளை இழந்த நாளாகக் கருதித் தேதி மாற்றிக்கொள்வோர் பலர். கவிஞர்கள் அந்நாளைத் தேடிப் போக வேண்டும் என்பேன். இரவில் வீடும் வீதியும் இருண்டபின் விண்மீன்கள் தெரிகிற அளவுக்கு வேறெந்த இரவிலும் அங்கே தெரிவதில்லை.

நண்பர்களே, பயணம் எல்லாருக்கும் வாய்ப்பதில்லை. ஆயினும் பாலியிலிருந்து ஒன்றை நாம் செலவின்றிக் கொண்டுவரலாம். நம் மாதக் கூட்டங்களில் கவிதை படிக்கிறோம், கைதட்டுகிறோம், அடுத்த கவிஞரை அழைக்கிறோம். பதினோராம் ஆண்டில் ஆண்டுக்கு ஒரு கூட்டத்தையாவது மபெபாசன் முறையில் நடத்திப் பார்ப்போம். நம் பழம்பாடல் ஒன்றை ஒருவர் ஓரடி ஓரடியாக இசைக்கட்டும். ஒருவர் பொருள் சொல்லட்டும். கேட்போர் தடுத்துக் கேட்கட்டும். ஒரு மாலை முழுதும் ஒரு பாடலே போதும். இவ்வேண்டுகோளை அமைப்பாளர்கள் முன் வைக்கிறேன்.