கொட்டையின் முடிதான் நம் பஞ்சு

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில், பருத்தி பயிரிடும் உறுப்பினர்களிடம் பேசியதன் எழுத்து வடிவம்)



போன பட்டத்தில் நம் குழு ஒன்றில் ஐந்து பேர் சேர்ந்து, குழுக்கடன் வாங்கி, குத்தகை நிலத்தில் பருத்தி போட்டார்கள். விதைச் செலவை மிச்சம் பிடிக்கலாம் என்று, முந்தின வருஷம் நல்லா காய்த்த வீரிய ஒட்டுப் பருத்தியின் கொட்டையையே எடுத்து வைத்து விதைத்தார்கள். செடி வந்தது, காயும் பிடித்தது. விற்கப் போன இடத்தில் வியாபாரி ஒரு கை பஞ்சை இழுத்துப் பார்த்துவிட்டு, "நீட்டமும் குட்டையுமா கலந்து கிடக்கு தாயி, முதல் தர விலை வராது" என்று குறைத்துவிட்டார். ஏமாத்துறார் என்றுதான் நாங்களும் நினைத்தோம். கூடப் போய்ச் சண்டையும் போட்டோம். அப்புறம் பஞ்சைப் பிரித்து அளந்து பார்த்தபோதுதான் அவர் சொன்னது சரி என்று தெரிந்தது. கடன் தவணையை அந்த ஐந்து பேரும் இன்னும் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். அதனால்தான் இன்றைக்கு இதைப் பேசுகிறோம்.

பஞ்சு என்பது என்ன? பருத்திக்கொட்டையின் தோலில் முளைக்கும் முடி. நம் கையில் முடி இருப்பது போலத்தான். ஆனால் ஒரு வித்தியாசம். பஞ்சின் ஒவ்வொரு இழையும் ஒரே ஒரு செல். கண்ணுக்குத் தெரியாத அந்த ஒரு செல் தன் அகலத்தைப் போல ஆயிரம் மடங்குக்கும் மேல் நீண்டு வளர்கிறது. ஒரு கொட்டையில் இப்படிப் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட இழைகள். ஜின்னிங் மில்லில் அரைத்த பிறகும் கொட்டையில் பொடி முடி ஒட்டிக்கொண்டிருக்கும் இல்லையா, அது சில நாள் பிந்தி முளைத்து நீளாமல் நின்றுபோனது.

எந்தச் செல் முடியாக வேண்டும் என்று சொல்வது மரபணு. செடிக்கு வழிவழியாக வந்து சேரும் கட்டளை என்று வைத்துக்கொள்ளுங்கள். 2004-இல் சீன விஞ்ஞானிகள் நாட்டுப் பருத்தியின் ஒரு மரபணுவை எடுத்து, இலையில் முடியே இல்லாத, கடுகு இனத்துச் சிறு செடி ஒன்றில் வைத்தார்கள். அந்த இலையில் முடி முளைத்தது! நம் கரிசல் காட்டுக் கருங்கண்ணியும் அந்த நாட்டுப் பருத்தி இனம்தான். 2011-இல் ஆஸ்திரேலியாவில் இதே வகை மரபணு ஒன்றை அடக்கிப் பார்த்தார்கள். கொட்டை மொட்டையாகவே விளைந்தது.

இலையில் உள்ள முடிக்கும் வேலை உண்டு. முடி அடர்ந்த இலையில் தத்துப்பூச்சி முட்டையிடச் சிரமப்படும். அதே முடி வெள்ளை ஈக்குப் பிடித்துப்போகிறது என்பதுதான் சங்கடம். முடியில்லாத வழவழப்பு இலைச் செடியிலும் பஞ்சு விளையும், ஆகவே இலையைப் பார்த்துப் பஞ்சை எடை போட வேண்டாம்.

இப்போது ஒட்டுவிதைக்கு வருவோம். உலகத்திலேயே முதன்முதலில் வியாபாரத்துக்கு வந்த பருத்தி ஒட்டு, 1970-இல் குஜராத்தில் சி.டி. பட்டேல் உருவாக்கிய எச்-4. ஒரு ரகத்தின் பூவில் ஆண் பாகத்தைக் கையால் கிள்ளி எடுத்துவிட்டு, வேறொரு ரகத்தின் மகரந்தத்தைத் தடவுவார்கள். இந்த வேலையைப் பெரும்பாலும் செய்கிறவர்கள் நம்மைப் போன்ற பெண்கள்தான். அப்படிக் கிடைத்த விதையில் முதல் தடவை எல்லாச் செடியும் ஒரே மாதிரி இருக்கும். அதன் கொட்டையை மறுபடி விதைத்தால் இரண்டு ரகத்தின் குணமும் பிரிந்துபோகும். இழை நீளத்தைத் தீர்மானிப்பது ஒரு மரபணு அல்ல, பல மரபணுக்கள். அதனால் ஒரு செடி தாயைப் போல, ஒரு செடி தகப்பனைப் போல, மற்றதெல்லாம் இடையில் எங்கெங்கோ. அந்த ஐந்து பேர் வயலில் நடந்தது இதுதான். கடையில் வாங்கும் பி.டி. விதையும் பெரும்பாலும் ஒட்டுவிதையே. இதைப் பை மேலே பெரிய எழுத்தில் தமிழில் போட்டால் என்ன குறைந்துபோகும் என்று எங்களுக்குக் கோபம்தான்.

எடுத்து வைத்தே விதைக்க வேண்டும் என்றால் ரகமாக இருக்க வேண்டும். கருங்கண்ணியில் கோவில்பட்டி ஆராய்ச்சி நிலையம் தந்த கே வகைகள் அப்படிப்பட்டவை. இழை குட்டைதான், ஆனால் குணம் மாறாது. சுவின் என்று ஒரு ரகம், 1974-இல் கோயம்புத்தூரில் வந்தது. சுஜாதா ரகத்தையும் செயின்ட் வின்சென்ட் ரகத்தையும் சேர்த்ததால் சு-வின்! இழை 38 மில்லிமீட்டர் வரும். ரகமானாலும் தேனீ பக்கத்துக் காட்டு மகரந்தத்தைக் கொண்டுவந்துவிடும். ஆகவே ஓரத்துச் செடியை விட்டு, நடுக்காட்டில் நல்ல செடியாகப் பார்த்து விதைக்கு எடுங்கள்.

விதை நல்லதாக இருந்தால் மட்டும் போதுமா என்று ஒரு அக்கா கேட்டார்கள். போதாது. பூ வெள்ளையாக விரிகிற அன்றைக்கே இழை முளைக்க ஆரம்பிக்கிறது. ஏறக்குறைய மூன்று வாரம் நீளம் போடும். அப்போது நிலம் காய்ந்தால் இழை குட்டையாகிவிடும். நீளம் போட்டு முடிகிற சமயத்தில் உள்சுவர் தடிக்க ஆரம்பிக்கும், அதற்கு இன்னும் மூன்று நான்கு வாரம். சாம்பல் சத்து குறைந்தாலோ, பாதி வெடித்த காயைப் பறித்தாலோ சுவர் மெலிந்தே நிற்கும். அந்தப் பஞ்சு முடிச்சு விழும், சாயமும் சரியாக ஏறாது. கூலிக்குப் பறிக்கும்போது எடை ஏறட்டும் என்று அரைவெடிப்பையும் சேர்த்துப் போடுகிறோம், நாமும் செய்ததுதான்.

நீளத்தை வீட்டிலேயே அளக்கலாம். கொட்டையோடு ஒரு சுளைப் பஞ்சை எடுத்து, நடுவில் வகிடு எடுத்து, சின்னச் சீப்பால் இரண்டு பக்கமும் பதமாகச் சீவுங்கள். வண்ணத்துப்பூச்சி இறக்கை மாதிரி விரியும். கொட்டையிலிருந்து ஓரம் வரை ஸ்கேலை வையுங்கள். வெவ்வேறு செடியில் பத்துக் கொட்டை பார்த்தால் போதும். எல்லாம் கிட்டத்தட்ட ஒரே அளவென்றால் விலை பேசும்போது தைரியமாகப் பேசலாம்.

விதைக்கடன் மனு கொடுக்கப்போகிற குழுக்கள், எடுத்து வைத்திருக்கும் கொட்டை ஒட்டா ரகமா என்று முதலில் கேட்டுத் தெரிந்துகொண்டு மனுவில் எழுதுங்கள். அடுத்த மாதக் கூட்டத்துக்கு ஆளுக்குப் பத்துச் சுளை, பஞ்சு பிரிக்காமல் எடுத்து வாருங்கள். சீப்பும் ஸ்கேலும் நாங்கள் கொண்டு வருகிறோம்.