கட்டுத்துவக்கு யாரைச் சுடுகிறது?

(தோட்டக் கமிட்டியின் மாதக் கூட்டத்தில் ஆசிரியத் தோழர் ஒருவர் ஆற்றிய உரை)



தலைவர் என்னைச் சம்பள விசயம் பேசத்தான் கூப்பிட்டார். அதை அவரே என்னைவிட நன்றாகச் சொல்லுவார். நான் பேச வந்தது வேறு. கொஞ்சம் கசக்கும்.

போன வியாழக்கிழமை ஏழாம் வகுப்புப் பிள்ளைகளிடம், வீட்டிலிருந்து பள்ளிக்கூடம் வருகிற பாதையைக் கீறச் சொன்னேன். லயம், கோயில், பீலிக்கரை, பிரட்டுக்களம் எல்லாம் வந்தது. ஒரு பையன் மட்டும் காடு மண்டிய மலைப்பக்கம் ஒரு குழாயும், பாதைக்குக் குறுக்கே ஒரு கயிறும் கீறியிருந்தான். "இது என்னடா?" என்றேன். "கட்டுத்துவக்கு சேர். நாங்க அந்தப் பக்கம் போக மாட்டோம்" என்றான். யார் கட்டியது என்று நான் கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவான் என்ற பயம்தான். அன்று பின்னேரமே தலைவரும் நானும் போய் அந்தப் பாதையை இரண்டு பக்கமும் மூங்கில் கட்டி மறித்தோம்.

மற்றத் துவக்கில் சுடுகிறவன் கண்ணால் பார்த்துச் சுடுகிறான். இதில் சுடுகிறவன் வீட்டில் தூங்குகிறான். பன்றியின் உயரத்துக்குக் கட்டுவதால் மனிதருக்குக் காலில்தான் படும். எலும்பு நொறுங்கும், மண்ணும் துணியும் ஈயமும் சதைக்குள் போய்விடும். நான்கு வருடத்துக்கு முன் விறகுக்குப் போன நம் ஆள் ஒருவருக்கு அப்படித்தான் நடந்தது. பொலிஸ் வந்துவிடும் என்று பயந்து, மஞ்சளும் தேயிலைத்தூளும் வைத்துக் கட்டி இரவு முழுக்க லயத்திலேயே வைத்திருந்தோம். வைத்திருந்தோம் என்றுதான் சொல்கிறேன், நானும் அங்கே நின்றவன். முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். கட்டியவர் அவருடைய சொந்த மச்சான். இப்போது இரண்டு பேருமே கூட்டத்துக்கு வருவதில்லை.

துப்பாக்கிச் சட்டத்தைக் கடுமையாக்க வேண்டும் என்று ஒரு பக்கம் பேசுகிறார்கள். சட்டம் இல்லாமலா இருக்கிறது? வெள்ளைக்காரன் காலத்திலேயே, 1916இல், துப்பாக்கிக் கட்டளைச் சட்டம் வந்துவிட்டது. 1996இல் தண்டனையைக் கூட்டினார்கள். கட்டுத்துவக்குக்கு யாரும் அனுமதிப்பத்திரம் தரப் போவதில்லை. பயிர்க்காவலுக்கு முறையாகத் துவக்கு வாங்க வழி உண்டு, ஆனால் காணியையும் பயிரையும் காட்டிக் கேட்க வேண்டும். லயத்துப் பின்னால் நான்கு பாத்தி போடுகிறவனிடம் எந்தக் காணி உறுதி இருக்கிறது? சட்டம் கடுமையாகட்டும், நான் எதிர்க்கவில்லை. அதோடு பன்றிக்கு ஒரு வழியும் சொல்லட்டும். ஒரே இராத்திரியில் உருளைக்கிழங்குப் பாத்தி முழுதும் கிண்டிப் போடுகிறது. அந்தப் பாத்திதான் நமக்கு இரண்டாவது சம்பளம்.

கம்பிச் சுருக்கும் இதே கதைதான். 2020 மே மாதம் நல்லதண்ணிப் பக்கம் கருஞ்சிறுத்தை ஒன்று சுருக்கில் மாட்டிச் செத்தது. நாடே அழுதது. அழ வேண்டியதுதான். நம் ஆளின் கால் போனதற்குப் பத்திரிகையில் நாலு வரி வரவில்லை.

பொலிசுக்குப் போ என்றால் நம்மவர் காதில் ஏறாது, அதற்குக் காரணமும் உண்டு. 1940இல் முல்லோயாவில் கோவிந்தன், 1977இல் டெவன் தோட்டத்தில் சிவனு லெட்சுமணன், இரண்டு பேரையும் சாய்த்தது பொலிஸ் குண்டு. ஆனால் மலைக்குள் கட்டியிருக்கிற துவக்கு துரையைச் சுடாது, பொலிசையும் சுடாது. கொழுந்துக்குப் போகிற அக்காவைச் சுடும், மாங்காய் பொறுக்கப் போகிற பிள்ளையைச் சுடும்.

கயிறோ கம்பியோ கண்ணில் பட்டால் தொடாதீர்கள், அறுக்காதீர்கள். வந்த அடியிலேயே திரும்பி வந்து சொல்லுங்கள். யாருக்காவது பட்டுவிட்டால் சுத்தமான துணியை வைத்து விடாமல் அழுத்துங்கள், காலை அசைக்காதீர்கள், 1990க்கு அடியுங்கள். தேயிலைத்தூள் வேண்டாம். டாக்டரிடம் துவக்கு வெடி என்று உண்மையைச் சொல்லுங்கள். கல் விழுந்தது என்று சொன்னால் அவர் எதைத் தேடி வைத்தியம் செய்வார்?

நிர்வாகத்துக்கும் பங்கு உண்டு. தேயிலையைக் கைவிட்டுக் காடாக விட்டது நாமா? அந்தக் காட்டில்தான் பன்றி குட்டி போடுகிறது. கொழுந்து மலை ஓரங்களையும் நடைபாதையையும் துப்புரவாக்கு, பற்றைக்காட்டு மலைக்கு ஆள் விடுமுன் பாதையைப் பார்த்துவிட்டு அனுப்பு என்று கமிட்டி கடிதம் எழுதியிருக்கிறது. வேலை நேரத்தில் வெடி பட்டால் 1934ஆம் ஆண்டு நட்டஈட்டுச் சட்டப்படி கேட்க நமக்கு உரிமை உண்டு. ஆனால் சம்பவம் அன்றைக்கே பதிவாக வேண்டும். கணக்கப்பிள்ளை "நாளைக்குப் பார்ப்போம்" என்றால் விடாதீர்கள்.

கடிதம் பிள்ளைக்காம்பராவில் இருக்கிறது, கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள். பையனின் படம் என் மேசை லாச்சியில் இருக்கிறது, அதை யாருக்கும் காட்ட மாட்டேன். ஆனால் திங்கட்கிழமை காலை தலைவரும் நானும் அந்த இடத்தைச் சொல்லப் பொலிசுக்குப் போகிறோம். கட்டியவர் அதற்கு முன் என் வீட்டுக்கு வந்தால் மூன்று பேராகப் போவோம், சங்கத்துச் சட்டத்தரணியும் வருவார். இராத்திரி எத்தனை மணிக்கு வந்தாலும் கதவைத் தட்டலாம்.