தீயினுள் சுழலும் அலகுகள்

கொதிக்கின்ற எண்ணெயை மெழுகினாற் செய்த அகப்பையால் துழாவ எவரும் துணியார். ஆயினும், மேகங்களுக்கு மேலாகப் பறந்து செல்லும் ஒவ்வொரு ஜெற் விமானத்தின் எஞ்சினுள்ளும் இதற்கு ஒப்பான காரியமொன்று இடையறாது நடைபெற்றுக்கொண்டிருக்கின்றது.

வாயுச் சுழலி எஞ்சினின் அமைப்பு விளங்குதற்கு எளியது. முன்புறத்திலே காற்றை இழுத்து நெருக்கும் காற்றமுக்கி. நடுவிலே எரிபொருள் எரியும் தகன அறை. அதனை அடுத்துச் சுழலி. தகன அறையினின்று சீறிவரும் வாயு, சுழலிச் சக்கரத்தின் விளிம்பிலே வரிசையாகப் பொருத்தப்பட்ட அலகுகளிலே மோதி அவற்றைச் சுழற்றுகின்றது. இக்கால எஞ்சின்களில், விமானம் மேலெழும் வேளையிலே, அந்த வாயுவின் வெப்பம் 1,500 பாகையையும் கடந்துவிடும். இங்கே கூறப்படும் பாகைகள் யாவும் சென்டிகிரேட் அளவின. அலகுகளோ நிக்கலை முதலாகக் கொண்ட கலப்புலோகத்தால் ஆனவை. அவ்வுலோகம் 1,300 பாகையைத் தாண்டியதும் உருகத் தொடங்கிவிடும். உள்ளங்கை அளவேயான ஓர் அலகு, நிமிடத்துக்கு 10,000 தடவைக்கு மேல் சுழல்கையில், அதனை வெளிப்புறமாகப் பிய்த்திழுக்கும் விசை பல தொன் நிறைக்கு ஈடாகும். இத்தகைய இழுப்பிலே நிற்கும் உலோகம், உருகாவிடினும், சூட்டினால் மெல்ல மெல்ல நீளும். அலகின் வெப்பம் 15 பாகை அளவு கூடினாலே அதன் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்துவிடும் என்பது பொறியியலாளரின் கைக்கணக்கு.

அலகைக் காப்பவை இரண்டு: உள்ளே ஓடும் காற்று, வெளியே படிந்த பூச்சு. இவ்விரண்டும் செல்வத்திற் பிறந்தவையல்ல; வறுமையிற் பிறந்தவை என்பதே வியப்புக்குரியது.

பிரித்தானியாவில் பிராங் விட்டில் தமது எஞ்சினை முதன்முதலாக இயக்கியது 1937 ஏப்பிரல் 12 ஆந் தேதி. ஜெற் எஞ்சினால் இயங்கிய முதல் விமானமான ஹைங்கெல் 178 ஜேர்மனியில் 1939 ஓகஸ்ட் 27 இற் பறந்தது. பின்னர் மூண்ட போரிலே பிரித்தானியருக்கு நிக்கல் கிடைத்தது. அவர்கள் நிமோனிக் என்னும் நிக்கல் கலப்புலோகத்தால் திண்ணிய அலகுகளைச் செய்துகொண்டனர். ஜேர்மனியருக்கோ நிக்கலும் குரோமியமும் அருமை. எனவே அவர்தம் யும்மோ 004 எஞ்சினுக்கு, தகட்டை மடித்து உட்குழிவான அலகுகளைச் செய்து, அக்குழிவினூடே காற்றைச் செலுத்திக் குளிரூட்டினர். தகன அறைகளைச் சாதாரண உருக்கினாலே செய்து, அது சூட்டிலே துருப்பிடித்து உதிராதிருக்க அலுமினியப் பூச்சு இட்டனர். அந்த எஞ்சின்கள் 25 மணி நேரம் உழைத்தாலே பெரிது. பல அதற்கு முன்னரே பழுதுற்றன. விசைப்பிடியைச் சற்றே விரைவாகத் தள்ளினாலும் எஞ்சின் அளவுமீறிச் சூடேறும்; அதனால் விமானியின் உயிர் அவனது கைப்பதத்திலே தங்கியிருந்தது. எனினும், தோற்றவர்களின் அந்த உபாயமே பின்னாளில் யாவர்க்கும் வழியாயிற்று. 1960 இற் பயணிகள் சேவைக்கு வந்த றோல்ஸ் றோய்ஸ் கொன்வே எஞ்சினின் அலகுகளும் காற்றாற் குளிரூட்டப்பட்டவையே.

குளிரூட்டும் காற்று எங்கிருந்து வருகின்றது? காற்றமுக்கியிலிருந்தே அது பிரித்தெடுக்கப்படுகின்றது. இக்காலத்துப் பெரிய எஞ்சின்களில் ஐந்திலொரு பங்கு வரை இவ்வாறு திருப்பப்படுவதுண்டு. குளிரூட்டும் காற்று என்றதும் கடற்கரைத் தென்றலை எண்ணிவிடலாகாது. நெருக்கப்பட்ட காரணத்தால் அதுவே 600 பாகை அளவு கொதிப்பது. தீக்கு முன்னால் அதுவும் குளிர்ச்சிதான்! ஆனால் அதனை நெருக்குவதற்குச் செலவான எரிபொருள் வீண்போகின்றது என்பதால், பொறியியலாளர் அதனைக் கருமியின் கைப்பணம்போலவே செலவிடுவர்.

அலகின் உள்ளே அக்காற்று பாம்புபோல மேலும் கீழும் வளைந்தோடுதற்கு வழிகள் உண்டு. அவ்வழிகளை அமைக்கும் முறை நமது ஸ்தபதிகளுக்குப் பழக்கமானதே. பொலன்னறுவையிலே கண்டெடுக்கப்பட்ட வெண்கல விக்கிரகங்களைப் போலவே, முதலில் மெழுகிலே உரு அமைத்து, அதன்மீது கருவிட்டு, மெழுகை உருக்கி வெளியேற்றி, அவ்விடத்திலே உலோகத்தை வார்க்கின்றனர். வேறுபாடு யாதெனில், மெழுகின் நடுவே மணற்சத்தாலான மெல்லிய கருவொன்றை முன்னரே வைத்துவிடுவர். வார்ப்பு முடிந்தபின் காரநீரிலே அக்கரு கரைந்துபோக, வளைந்த வழிகள் எஞ்சும்.

உள்ளோடிய காற்று, அலகின் மேனியெங்கும் இடப்பட்ட துளைகள் வழியே வெளிவருகின்றது. ஒரு துளையின் குறுக்களவு அரை மில்லிமீற்றர் அளவே. மின்பொறியாலோ லேசர் கதிராலோ அவை துளைக்கப்படுகின்றன. துளை செங்குத்தாக இருந்தால் காற்று பீறிட்டு எழுந்து தீயோடு கலந்து பயனற்றுப்போகும். ஆகவே சாய்வாகத் துளையிட்டு, அதன் வாயையும் விசிறிபோல அகலவிடுவர். அப்பொழுது காற்று மேனியைத் தழுவிப் படர்ந்து, உலோகத்துக்கும் தீக்கும் இடையே மெல்லிய போர்வையாக நிற்கும்.

இங்கேதான் மேற்பரப்பைச் செப்பனிடும் வேலை முக்கியம் பெறுகின்றது. அலகின் வெளிப்புறம் சொரசொரப்பாயின் காற்றோட்டம் கலங்கும். கலங்கினால் சூடு கூடுதலாக உலோகத்துட் புகும். ஆதலால் வெளியே வழுவழுப்பாக மெருகிடுகின்றனர். உள்வழிகளிலோ, வேண்டுமென்றே சிறு வரம்புகளை எழுப்பிக் காற்றைக் கலக்குகின்றனர். அங்கே உலோகத்தின் சூட்டைக் காற்று வாரிக்கொண்டு போவதே வேண்டப்படுவது. ஒரே அலகு, ஒரே காற்று. உள்ளே வேண்டப்படும் கலக்கம் வெளியே வேண்டாதது.

மெருகின் மேலே பூச்சு. முதலில் அலுமினியம் செறிந்த உலோகப் பூச்சொன்று இடப்படும். சூட்டிலே அதன் மேல் அலுமினியம் ஒட்சைட்டுப் படலம் உண்டாகி, ஒட்சிசன் உட்புகாது தடுக்கும். அதற்கு மேலே, ஒரு மில்லிமீற்றரின் கால்பங்கு அளவு தடிப்பிலே, சிர்க்கோனியம் ஒட்சைட்டு என்னும் மட்பாண்டப் பொருள் படிவிக்கப்படும். இப்பொருளுக்கு மூலமானது சிர்க்கன் என்னும் கனிமம். திருகோணமலைக்கு வடக்கே புல்மோட்டைக் கடற்கரை மணலிலும் அது உண்டு. தூய சிர்க்கோனியம் ஒட்சைட்டு சூடேறி ஆறும்பொழுது பருமன் மாறி வெடித்துவிடும். நூற்றுக்கு ஏழு பங்கு அளவு இத்திரியம் ஒட்சைட்டைச் சேர்த்தால் அது அடங்கி நிற்கும். 1970களின் நடுப்பகுதியில் அமெரிக்காவின் நாசா நிறுவனத்து லூயிஸ் ஆராய்ச்சி நிலையம் இப்பூச்சை எஞ்சின் அலகுகளிலே இட்டுச் சோதித்தது. நகத்தின் தடிப்பும் இல்லாத இந்தப் பூச்சு, உள்ளே காற்றோடும் அலகிலே, உலோகத்தின் வெப்பத்தை 100 பாகையும் அதற்கு மேலும் குறைக்கவல்லது.

பூச்சுக்கும் துளைக்கும் ஒரு பகை உண்டு. துளையிட்டபின் பூசினால் பூச்சு துளைவாயை ஒடுக்கிவிடும். பூசியபின் துளையிட்டால் துளையின் விளிம்பிலே பூச்சு பெயரக்கூடும். ஒரு சில துளைகள் அடைபட்டாலே அவ்விடத்தில் உலோகம் வெந்துபோகும். குளிரூட்டுவோன் ஒருவன், பூசுவோன் மற்றொருவன் என இருவரும் தனித்தனியே வேலை செய்வது இங்கே ஆகாத காரியம்.

1982 ஜூன் 24 ஆந் தேதி இரவு, கோலாலம்பூரிலிருந்து அவுஸ்திரேலியாவின் பேர்த் நகரை நோக்கிப் பறந்த பிரிட்டிஷ் ஏர்வேய்ஸ் போயிங் 747 விமானமொன்று, யாவாவின் கலுங்குங் எரிமலை கக்கிய சாம்பலுட் புகுந்தது. இருநூறுக்கு மேற்பட்டோர் அதிலிருந்தனர். 37,000 அடி உயரத்திலே நான்கு எஞ்சின்களும் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. எரிமலைச் சாம்பல் தகன அறையின் சூட்டில் உருகிக் கண்ணாடிக் குழம்பாகி எஞ்சினின் உட்பாகங்களிலே ஒட்டிக்கொண்டது. விமானம் இறங்க இறங்க, அணைந்த எஞ்சின்கள் குளிர்ந்தன. ஒட்டியது இறுகி வெடித்து உதிர்ந்தது. எஞ்சின்கள் மீண்டும் உயிர்பெற, விமானம் ஜகார்த்தாவில் இறங்கியது, எவரும் இறக்கவில்லை.

அன்றைய எஞ்சின்களிலும் இன்றையவை கூடிய சூட்டில் இயங்குவன. பாலைவன மணலும் எரிமலைச் சாம்பலும் இவற்றிலே எளிதில் உருகி, சிர்க்கோனியப் பூச்சின் நுண்ணிய பிளவுகளுட் கசிந்து, ஆறியதும் இறுகிப் பூச்சைப் பெயர்த்துவிடுகின்றன; குளிரூட்டும் துளைகளையும் அடைக்கின்றன. இதற்கு மாற்றாகக் கடோலினியம் சேர்ந்த சிர்க்கோனியப் பூச்சை ஆராய்ச்சியாளர் ஆக்கியுள்ளனர். உருகிய மணல் அதன்மேற் பட்டதும் இரண்டும் சேர்ந்து பளிங்காக உறைந்து, மேலும் உட்செல்லும் வழியை அடைத்துக்கொள்ளும். ஆனால் அது இத்திரியம் சேர்ந்த பழைய பூச்சினும் எளிதில் நொறுங்குவது. அதனாலே பழைய பூச்சை அடியிலும் புதியதை மேலுமாக இரு படைகளாக இடுகின்றனர். துளைகளின் அளவையும் அதற்கேற்ப மீண்டும் கணிக்கின்றனர்.