மேட்டு வீட்டுக்காரன் யார்?



“பட்டதாரிகள் காவல்துறைக்கு வர வேண்டும்” என்று இந்த வாசகர் வட்டக் கூட்டத்தில் எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். அவர்கள் வந்து வெகுநாளாகிறது ஐயா! இரண்டாம் நிலைக் காவலர் வேலைக்குப் பத்தாம் வகுப்புத் தேறியிருந்தால் போதும். ஆனால் அந்தத் தேர்வு நடக்கும் பள்ளிக்கூட வாசலில் காலையில் போய் நின்று பாருங்கள். பி.எஸ்சி., எம்.ஏ., என்ஜினியரிங் எல்லாம் வரிசையில் நிற்கும். நான் தமிழ் நடத்திய வகுப்பிலிருந்தே எத்தனையோ பேர் போயிருக்கிறார்கள். வந்தவர்களை எங்கே நிறுத்தியிருக்கிறோம்? அதைப் பற்றித்தான் பேச வந்தேன்.

ஒரு சம்பவம். எந்த ஊர், எந்த ஸ்டேஷன் என்று கேட்காதீர்கள். என் மாணவி ஒருத்தியின் தாய், மலைக்காரம்மா, நாலு ஆட்டைப் பறிகொடுத்துவிட்டு வந்து நின்றார். துணைக்கு நானும் போனேன். ரைட்டர் பொறுமையாகத்தான் எழுதினார், குறை சொல்ல மாட்டேன். எழுதி முடித்து வாசித்துக் காட்டினார்: “அடையாளம் தெரியாத நபர்கள்.” அந்தம்மாவுக்கு முகம் மாறிவிட்டது. “மேட்டு வீட்டுக்காரன்னு மூணு வாட்டி சொன்னனே!” ரைட்டர் சமவெளிக்காரர். மேட்டில் ஆயிரம் வீடு இருக்கும், அதில் யாரைப் பிடிப்பது என்று அவர் நினைத்துக்கொண்டார்.

வாசலில் பாரா நின்ற பையன் துப்பாக்கியோடு உள்ளே எட்டிப் பார்த்தான். “ஏட்டய்யா, எங்க பக்கம் பெரியவங்க பேரை வாயால சொல்ல மாட்டாங்க. மேட்டு வீடுன்னா அந்த ஊர்ல ஒரே குடும்பந்தான்” என்றான். சித்தேரி மலையில் பிறந்தவன், எம்.ஏ. வரலாறு. ரைட்டர் தாளைக் கிழித்துப்போட்டுவிட்டு வேறு தாள் எடுத்தார். ஆடு கிடைத்ததா என்கிறீர்களா? இரண்டு கிடைத்தது.

அந்தப் பையன் மேசையருகே இல்லாமல் வாசலில் நின்றதுதான் என்னை உறுத்துகிறது. அவன் படித்த வரலாறும் அவன் பிறந்த மலையும் அந்த மேசைக்குத் தேவை என்று அங்கே எவருக்கும் தோன்றவில்லை.

இதைத் தருமபுரியில் நின்றுகொண்டு பேசும்போது வாச்சாத்தியைச் சொல்லாமல் போக முடியாது. அதே சித்தேரி மலையின் அடிவாரம். 1992 ஜூன் 20. சந்தனக்கட்டை தேடுகிறோம் என்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை மூன்றும் சேர்ந்து அந்த மலையாளிப் பழங்குடிக் கிராமத்துக்குள் புகுந்தன. 18 பெண்கள் வன்கொடுமைக்கு ஆளானார்கள். குற்றம் சாட்டப்பட்டவர்கள் 269 பேர். 2011இல் தீர்ப்பு வந்தபோது அவர்களில் 54 பேர் உயிரோடு இல்லை. மிச்சமிருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்று இதே தருமபுரி நீதிமன்றம் சொன்னது. அதில் காவல்துறையினர் 84 பேர். 2023இல் உயர் நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது.

மலையிலிருந்து நாலு பட்டதாரி போலீஸ் இருந்திருந்தால் இது நடந்திருக்காது என்று நான் சொல்லத் துணிய மாட்டேன். காக்கி எல்லோரையும் ஒரே அச்சில் வார்த்துவிடும். ஒற்றை ஆளாகப் போகிறவன் வாயை மூடிக்கொள்ளத்தான் பழகுவான். அதனால்தான் ஒருவர் இருவர் போதாது என்கிறேன். மலைப்பிள்ளைகள், பெண்கள், திருநங்கையர் எல்லோரும் கணிசமாக இருந்தால்தான் ஒருவர் “தப்புங்கய்யா” என்று வாய் திறக்கும்போது பக்கத்தில் இன்னொருவர் நிற்பார்.

பெண்கள் அப்படித்தான், கொஞ்சம் கொஞ்சமாக, கணிசமான எண்ணிக்கைக்கு வந்தார்கள். 1973இல் தமிழ்நாடு காவல்துறையில் முதல் முறையாகப் பெண்களைச் சேர்த்தபோது ஒரு சின்னக் குழு. 1976இல், இதோ நம் குமாரசாமிப்பேட்டையில் பிறந்த திலகவதி, தமிழ்நாட்டின் முதல் பெண் ஐ.பி.எஸ். ஆனார். அவரே “கல்மரம்” நாவலுக்கு 2005இல் சாகித்திய அகாதெமி விருதும் வாங்கினார். காவல்துறைக்கும் வாசகர் வட்டத்துக்கும் என்ன சம்பந்தம் என்று வாசலில் ஒருவர் கேட்டாரே, அவருக்கு இதுதான் பதில்! இன்று நேரடி எஸ்.ஐ. தேர்வில் பெண்களுக்கு 30 சதவீதம்.

பிரித்திகா யாஷினிக்குக் கதவு அவ்வளவு சுலபமாகத் திறக்கவில்லை. சேலத்துப் பெண், பட்டதாரி. விண்ணப்பப் படிவத்தில் ஆண், பெண் என்று இரண்டே கட்டம். தன்னை எதில் போடுவது? ஒவ்வொரு படிக்கும் நீதிமன்றம் போக வேண்டியிருந்தது. 2015 நவம்பரில் உயர் நீதிமன்றம் வழிவிட்டது. 2017 ஏப்ரலில், நாட்டின் முதல் திருநங்கை எஸ்.ஐ.யாக அவர் பொறுப்பேற்றது நம் தருமபுரியில்தான். நமக்கு அதில் பெருமை உண்டு. ஆனாலும் பிள்ளைகளே, ஒரு வேலைக்கு மனுப்போட வழக்கறிஞர் வேண்டுமென்றால் எத்தனை பேர் பாதியிலேயே திரும்பியிருப்பார்கள்!

காவலர் தேர்வில் ஓட்டம் வைக்கிறோம், ஆண்கள் 1500 மீட்டரை 7 நிமிடத்தில் முடிக்க வேண்டும். கயிறு ஏறச் சொல்கிறோம். மார்பளவு பார்க்கிறோம். வேண்டாமென்று சொல்லவில்லை, திருடனை ஓடித்தான் பிடிக்க வேண்டும். ஆனால் அழுதுகொண்டே பேசும் ஒருத்தி சொன்னதை அவள் சொன்னபடியே எழுதத் தெரிகிறதா என்று தேர்வு மைதானத்தில் எந்த டேப்பை வைத்து அளப்பது?

சீருடையோடு மேடையில் அமர்ந்திருக்கும் ஆய்வாளர் அம்மா, உங்களிடம் ஒரு வேண்டுகோள். கூட்டம் தொடங்குமுன் மூன்று பிள்ளைகள் என்னிடம் வந்து, பழங்குடியினருக்கு உயரம் எவ்வளவு என்று கேட்டார்கள். பையன்களுக்கு 167 சென்டிமீட்டர், பெண்களுக்கு 157 என்றேன். அடுத்த கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை: “எங்க ஊர்ல போலீஸ்னா இன்னும் பயப்படுறாங்க சார், வீட்ல எப்படிச் சொல்றது?” கடைசி வரிசையில், மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருக்கிறார்கள். தேநீர் இடைவேளையில் அவர்களோடு ஒரு பத்து நிமிடம் உட்காருங்கள்.