இடிக்கப்படும் வீடும் அதில் குடியிருந்த குடும்பமும்

(ஜூபிலி விழாக் குடும்ப நாளன்று பங்குத்தந்தை ஆற்றிய உரை)



குடும்ப நாள் என்றதும் நாசரேத்துத் திருக்குடும்பத்தைப் பற்றித்தான் சாமியார் பேசுவார் என்று எதிர்பார்த்து வந்திருப்பீர்கள். நாமும் அப்படித்தான் குறிப்பு எழுதி வைத்திருந்தோம். ஆனால் சென்ற மாதம் வீடு மந்திரிக்கச் சென்றபோது, மூன்று வீடுகளில் ஒரே கேள்வி நம்மிடம் கேட்கப்பட்டது. "சாமி, மெட்ராசுல எங்க அம்மா இருக்கிற போர்டு வீட்டை இடிக்கப் போறாங்களாம். கையெழுத்துப் போடச் சொல்லலாமா, வேண்டாமா?" வாசற்படியில் நின்றுகொண்டு அதற்குப் பதில் சொல்ல நமக்கு மனம் வரவில்லை. ஆகவே குறிப்பை மாற்றிக்கொண்டு இங்கு நிற்கிறோம்.

வடக்குப்பட்டிலே பிறந்து வளர்ந்தவர்கள், "இது நமக்கென்ன?" என்று எண்ண வேண்டாம். ஒரகடத்திலும் திருப்பெரும்புதூரிலும் தொழிற்சாலைகள் எழுந்தபின், நம் கோவிலில் வந்து முழந்தாளிடும் பலர் வாடகை அறையில் வாழ்பவர்கள். அவர்களுடைய தாயும் தகப்பனும் சென்னையின் பழைய அடுக்குமாடிகளில் இருக்கிறார்கள். 2022-ஆம் ஆண்டு தொல்லியல் துறையார் நம் ஊரில் மண்ணைத் தோண்டியபோது கற்காலக் கருவிகள் கிடைத்தன அல்லவா? வந்து குடியேறாதவர் என்று யாரும் இல்லை. சிலர் முன்னே வந்தார்கள், சிலர் பின்னே வந்தார்கள், அவ்வளவே.

சென்னையில் குடிசைகள் கோடைதோறும் தீக்கிரையாகிய காலம் ஒன்று இருந்தது. 1970-இல் தமிழ்நாடு குடிசை மாற்று வாரியம் அமைக்கப்பட்டது. அடுத்த ஆண்டு அதற்கான சட்டம் வந்தது. ஏழையின் சிரிப்பில் இறைவனைக் காண்பது என்பதை அந்த வாரியம் தன் குறிக்கோளாக வைத்துக்கொண்டது. குருமடத்தில் பல ஆண்டு படித்து நாம் கற்ற இறையியலை ஓர் அரசு அலுவலகத்தின் பெயர்ப்பலகை ஒரு வரியில் சொல்லிவிட்டதே என்று நாம் வியந்ததுண்டு. 2021-இல் அதன் பெயர் தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று மாறியது. மக்கள் வாயில் இன்றும் அது 'ஸ்லம் போர்டு'தான்.

அன்று கட்டப்பட்டவை மூன்று நான்கு அடுக்குக் கட்டடங்கள். ஒரு வீடு இருநூறு சதுர அடியை ஒட்டியிருக்கும். குறை சொல்வது எளிது. ஆனால் எரியாத கூரை என்பது அன்று சிறிய காரியமன்று. குடிசை இருந்த இடத்திலேயே அதைக் கட்டிக் கொடுத்தார்கள் என்பது அதைவிடப் பெரிய காரியம். வேலைக்கு நடந்து போகலாம், பள்ளியும் கோவிலும் மாறவேண்டியதில்லை.

நாம் குருப்பட்டம் பெற்ற புதிதில் வடசென்னையில் உதவிப் பங்குத்தந்தையாக இருந்தோம். முதல் வெள்ளிக்கிழமைகளில் நோயாளிகளுக்கு நற்கருணை எடுத்துக்கொண்டு அந்தப் படிகளில் ஏறுவோம். ஒரு வீட்டில் கட்டிலுக்கு மேலே பழைய சேலை ஒன்றை நான்கு மூலையும் இழுத்துக் கட்டியிருந்தார்கள். கொசுவலையோ என்று நினைத்தோம். இல்லை, கூரையிலிருந்து உதிரும் காரை கிழவியின் முகத்தில் விழாதிருக்கவாம். மேலே பார்த்தால் கம்பிகள் விலா எலும்புபோல் தெரிந்தன. கடற்காற்றின் உப்பும் மேல்வீட்டுக் கழிவறையின் கசிவும் சிமெண்டுக்குள் இறங்கினால் கம்பி துருப்பிடிக்கும். துரு, தான் தின்ற இரும்பைவிட அதிக இடம் கேட்கும், உள்ளிருந்து பிளக்கும். மேலே எத்தனை முறை பூசினாலும் வெள்ளையடித்தாலும் அது நிற்காது.

2021 டிசம்பர் 27-ஆம் நாள் திருவொற்றியூர் அரிவாக்குளத்தில் நடந்ததைப் படித்திருப்பீர்கள். சுவரில் விரிசல் கண்டு மக்கள் வெளியேறிய சற்று நேரத்தில் 24 வீடுகள் கொண்ட கட்டடம் தரைமட்டமாயிற்று. ஓர் உயிரும் போகவில்லை. இரவு உறங்கும் நேரமாக இருந்திருந்தால்? ஆகவே "இடிக்கவே கூடாது" என்று யாரேனும் உங்களிடம் சொன்னால் அதை நம்ப வேண்டாம். இடிக்கத்தான் வேண்டும். நாம் கேட்க வேண்டியது, இடித்த நாளுக்கும் சாவி கொடுக்கும் நாளுக்கும் நடுவே அந்தக் குடும்பம் எங்கே இருக்கும், சாவி யார் கையில் போகும் என்பதையே.

முதலாவதை எடுத்துக்கொள்வோம். காலி செய்து போகும் குடும்பத்துக்கு அரசு தரும் கருணைத்தொகை முன்பு 8,000 ரூபாயாக இருந்து, பிறகு 24,000 ஆக உயர்த்தப்பட்டது. உயர்த்தியதற்கு நன்றி சொல்வோம். ஆனாலும் கட்டி முடிக்க இரண்டு ஆண்டு என்று வைத்துக்கொண்டால் மாதத்துக்கு 1,000 ரூபாய். சென்னை நகருக்குள் அந்தத் தொகைக்கு யார் வீடு தருவார்கள்? முன்பணம் வேறு. பயனாளி பங்கு என்று புதிய வீட்டுக்குச் செலுத்த வேண்டிய தொகையோ இலட்சத்தைத் தாண்டுகிறது. வீட்டு வேலை செய்யும் ஒரு தாய்க்கு இது எத்தனை மாதக் கூலி என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

இரண்டாவது காரியத்தில் நாமே ஒரு தவறு செய்தோம். அதைச் சொல்லாமல் இந்த உரையை முடிக்க நமக்கு உரிமையில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் நாம் பணியாற்றிய நகரப் பங்கில், கோவிலை அடுத்த பழைய பிளாக்குகளை இடிக்க முடிவாயிற்று. கூட்டம் நம் பங்கு மண்டபத்திலேயே நடந்தது. நாம் மேடையேறி, "நல்ல காரியத்துக்குத் தடை போடாதீர்கள், எல்லாரும் கையெழுத்திடுங்கள்" என்று ஊக்கமாகப் பேசினோம். கூட்டம் முடிந்ததும் ஒரு கைம்பெண் நம்மிடம் வந்தார். அந்த வீட்டை முதல் ஒதுக்கீட்டாளரிடமிருந்து அவருடைய கணவர் முத்திரைத்தாளில் எழுதி வாங்கியிருந்தார். இருபது ஆண்டுக் குடித்தனம், மின்கட்டணம் எல்லாம் ஒழுங்காகக் கட்டியவர். ஆனால் வாரியத்தின் ஏட்டில் பழைய பெயரே இருந்தது. "எனக்கு வீடு வருமா சாமி?" என்று கேட்டார். நாம் அவசரத்தில் இருந்தோம். "எல்லாருக்கும் வரும், முதலில் காலி செய்யுங்கள்" என்றோம். பட்டியலில் யார் பெயர் இருக்கிறது என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. புதிய கட்டடம் எழுந்தது. அதை மந்திரித்ததும் நாமே. அந்த வீட்டின் சாவியை, அங்கே ஒரு நாளும் குடியிராத, முதல் ஒதுக்கீட்டாளரின் மகன் வாங்கிச் சென்றார். அந்த அம்மா மகள் வீட்டுக்குப் போய்விட்டார். நம்மிடம் வந்து சண்டை போட்டிருந்தால் மனம் ஆறியிருக்கும். அடுத்த ஆண்டு பேத்தியின் புதுநன்மைக்கு அழைப்பு அனுப்பினார்.

திருச்சபை இதைப்பற்றி மௌனமாக இல்லை. 1987-இல், வீடற்றோருக்கான அனைத்துலக ஆண்டின்போது, நீதி அமைதிக்கான திருத்தந்தையின் ஆணைக்குழு தனி ஏடு ஒன்றையே வெளியிட்டது. திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் எழுதிய 'லவ்தாத்தோ சி' மடலில், குடியிருப்பை மாற்ற நேர்ந்தால் முன்கூட்டியே போதிய தகவல் தரவேண்டும், தகுந்த வீடுகளில் தெரிவு செய்ய வாய்ப்பு வேண்டும், சம்பந்தப்பட்ட மக்களும் அந்த முயற்சியில் பங்குபெற வேண்டும் என்ற கருத்தைக் காணலாம். நாம் அதைப் படித்தபோது அந்தக் கைம்பெண்ணின் முகமே ஏட்டின்மேல் வந்து நின்றது.

இனி, கட்டிய பிறகு வரும் காரியம். புளியந்தோப்பு கே.பி. பார்க்கில் பழைய வீடுகளுக்குப் பதிலாக ஒன்பது மாடிகளுக்குக் கட்டடம் உயர்ந்தது. 2021 ஆகஸ்டில், குடிவந்த மக்கள் விரலால் தொட்டாலே சுவர்ப்பூச்சு உதிர்கிறது என்று காட்டியதை நாடே பார்த்தது. ஐ.ஐ.டி. சார்ந்த வல்லுநர்களைக் கொண்டு அரசு சோதனை நடத்திற்று. வாய்திறந்து பேசியதனால் சோதனை வந்தது என்பதைக் கவனியுங்கள்.

மாடி உயர்ந்தால் லிப்ட் வரும், மோட்டார் வரும், அவற்றுக்கு மின்கட்டணம் வரும். முன்பு மூன்று மாடி ஏறிய பாட்டி இனி எட்டாம் மாடிக்கு எப்படிப் போவார்? லிப்ட் நின்றுபோன ஒரு நாளில் சவப்பெட்டியைப் படிவழியே ஒவ்வொரு திருப்பத்திலும் நிமிர்த்தி நிமிர்த்தி இறக்கியதை நாம் கண்ணால் கண்டிருக்கிறோம். அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரில் ஏழைகளுக்கென்று 1950-களில் 11 மாடி உயரத்தில் 33 கட்டடங்களை எழுப்பினார்கள். புரூயிட்-ஐகோ என்று பெயர். பராமரிப்புச் செலவைக் குடியிருப்போரின் வாடகையிலிருந்தே எடுப்பதென ஏற்பாடு. வாடகை போதவில்லை, லிப்ட் பழுதாயிற்று, முடிந்தவர்கள் வெளியேறினார்கள், வாடகை இன்னும் குறைந்தது. 1972-இல் வெடிவைத்துத் தகர்க்கத் தொடங்கினார்கள். கட்டி இருபது ஆண்டுகூட ஆகவில்லை! நம் நாட்டில் குடியிருப்போர் சங்கம் சேர்க்கும் பராமரிப்புத் தொகைக்கு இணையாக அரசும் பங்கு தரும் 'நம் குடியிருப்பு நம் பொறுப்பு' என்ற திட்டம் வந்திருக்கிறது. சங்கத்தில் சேருங்கள்; கணக்கையும் கேளுங்கள்.

"பழைய இடமே வேண்டாம், தூரத்தில் பெரிய வீடு தருகிறார்களே" என்போரும் உண்டு. கண்ணகி நகரிலும் பெரும்பாக்கத்திலும் பல்லாயிரம் குடும்பங்கள் அப்படித்தான் கொண்டுபோய் வைக்கப்பட்டன. அவர்களில் எத்தனை பேர் பழைய வேலைக்காக விடியற்காலையில் பேருந்து ஏறினார்கள், எத்தனை பிள்ளைகள் பள்ளியை நிறுத்தினார்கள் என்று அங்கே பணியாற்றிய அருட்சகோதரிகளைக் கேட்டால் சொல்வார்கள். சிங்கப்பூரிலோ 1995 முதல், பழைய அடுக்குமாடியை இடிக்கும்போது பக்கத்திலேயே புதிய வீடு தந்து, அண்டை வீட்டார் சேர்ந்தே தெரிவு செய்யவும் ஒரு வழி வைத்தார்கள். அந்நாட்டின் செல்வம் நம்மிடம் இல்லை. பக்கத்து வீட்டாரைப் பக்கத்திலேயே வைப்பதற்குச் செல்வம் வேண்டியதில்லை.

கடைசியாக ஒன்று, இது அரசாங்கத்தைப் பற்றியதன்று. பழைய வீடு ஒன்று. அதில் இன்று அண்ணன் குடும்பம், தம்பி குடும்பம், தனித்துவிட்ட தங்கை. புதிதாகக் கிடைப்பதும் ஒரே வீடு. நானூறு சதுர அடியளவில் இருந்தாலும் மூன்று அடுப்புக்கு இடம் போதாது. நம் பங்கிலேயே இதனால் பேச்சுவார்த்தை நின்றுபோன இரு குடும்பங்கள் உண்டு; பெயர் சொல்லவில்லை, அவர்கள் இங்கேதான் அமர்ந்திருக்கிறார்கள். தாய் உயிரோடிருக்கும்போதே, அவர் எதிரில், யார் இருப்பது, மற்றவருக்கு என்ன கொடுப்பது என்று எழுதி வைத்துவிடுங்கள். அந்தத் தாளில் தங்கையின் கையெழுத்தும் இருக்கட்டும்.

அடுத்த ஞாயிறு இரண்டாம் திருப்பலி முடிந்ததும் பள்ளிக்கூடத்தின் பெரிய அறையில் இருப்போம். பத்திரங்களைப் படித்துப் பார்க்கத் தெரிந்த ஓய்வுபெற்ற அன்பர் ஒருவர் வர இசைந்திருக்கிறார். ஒதுக்கீட்டு ஆணை, தவணை கட்டிய ரசீதுகள், மின்கட்டண அட்டை, குடும்ப அட்டை ஆகியவற்றைக் கொண்டுவாருங்கள். ஒதுக்கீடு பெற்றவர் இறந்திருந்தால் இறப்புச் சான்றிதழும், வட்டாட்சியர் தந்த வாரிசுச் சான்றிதழும் வேண்டும். வாரிசுச் சான்றிதழ் இல்லாதவர்கள் அதற்கு மனுப் போட இந்த வாரமே தொடங்குங்கள். எழுதிக்கொடுக்க ஆள் இல்லாதவர்களுக்கு நாமே எழுதித் தருகிறோம். இம்முறை அவசரப்பட மாட்டோம்.